போர்காட் ஏற்றத்தில் கான்டெஸாவும் 118 என்இ-யும்

மும்பை செம்பூரிலிருந்து ஒருவர்:
1990-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், மும்பை–புனே மலைப்பாதையான போர்காட்டின் கண்டாலா ஏற்றத்தில் கண்ட ஒரு காட்சி இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அப்பாவின் 1.5 லிட்டர் எஞ்சின் கொண்ட ஹிந்துஸ்தான் கான்டெஸா காரில் ஐந்து பேர் புனேவுக்குச் சென்றுகொண்டிருந்தோம். ஓட்டுநர்கள் காணிக்கையாக நாணயம் வீசிச் செல்லும் சிங்ரோபா கோயிலை நெருங்கும்போது அப்பா மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கினார். அதே நேரத்தில் ஒரு வெள்ளை பிரீமியர் 118 என்இ கார் வலப்புறமாக எங்களைக் கடந்தது. அதை ஓட்டியவர் வேகத்தைக் குறைக்காமலேயே சன்னல் வழியே கையை நீட்டி, கோயில் பக்கம் ஒரு நாணயத்தை வீசிவிட்டு வளைவில் மறைந்தார். லோனாவாலா வரும்வரை அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. 1489 சிசி எஞ்சினை 1171 சிசி எஞ்சின் எப்படி முந்தியது என்று பின்னர் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டேயிருந்தார். இரண்டின் திறனும் ஏறத்தாழ 50 குதிரைத்திறன்தான். ஆனால் எங்கள் வண்டி வாக்ஸ்ஹால் விக்டர் என்ற பிரிட்டிஷ் காரின் கனத்த உடலைச் சுமந்தது, மற்றதோ ஃபியட் 124-இன் இலகுவான உடலில் நிஸ்ஸான் எஞ்சினைப் பெற்றிருந்தது. இதை அப்பா இருந்தபோதே அவருக்கு விளக்கியிருக்க வேண்டும்.

முலுண்டிலிருந்து ஒருவர்:
செம்பூர் நண்பர் 1.5-ஐ மட்டும் வைத்துக் கான்டெஸாவை எடைபோடுவதை நான் ஏற்கவில்லை. மாமாவிடம் இருந்தது இசுசு எஞ்சின் பொருத்திய 1.8, 1817 சிசி, 88 குதிரைத்திறன், ஐந்து கியர்கள். அதே ஏற்றத்தில் அவர் மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. அந்த வண்டியை எந்த 118 என்இ-யும் முந்தியிருக்காது.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர்:
கான்டெஸா, 118 என்இ இரண்டிலும் எஞ்சின் பின்சக்கரங்களையே சுழற்றும்; ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்வதால் அவற்றுக்குப் பிடிமானம் கூடும். ஆகவே இவ்வண்டிகளின் குணத்தை இறக்கத்தில்தான் பார்க்க வேண்டும். கோப்போலி நோக்கி மழையில் இறங்கியபோது, நான் இரண்டாம் கியருக்கு மாற்றிக் கிளட்சைச் சட்டென்று விட்டேன். டிக்கி காலியாக இருந்தது, பின் டயர்களும் தேய்ந்திருந்தன. நான் ஓட்டிய 118 என்இ-யின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்க, கண்ணாடிக்கு முன்னால் சாலைக்குப் பதிலாகப் பள்ளத்தாக்கின் மூடுபனி தெரிந்தது. எஞ்சின் வண்டியின் வேகத்தைத் தடுக்கும் விசை பின்சக்கரங்களில் மட்டுமே விழுந்ததுதான் காரணம். தவறு முழுக்க என்னுடையது. அத்தகைய நேரத்தில் பிரேக்கைத் தொடாமல், கிளட்சை மிதித்து, பின்பகுதி வழுக்கும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். இன்று இவற்றை வாங்க நினைப்பவர்கள் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன், வண்டியை மெக்கானிக்கின் குழிமேல் நிறுத்தி, எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்க்கவும். புறப்படும்போது அடியில் 'டக்' என்ற சத்தம் கேட்டால் அந்தத் தண்டின் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். நான்கு டயர்களில் இரண்டு மட்டும் புதிதாக இருந்தால் அவற்றைப் பின்னால் பொருத்தவும். முன்னால் போடச் சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.