ஐ-751 நிலுவையில், என்-400 நேர்காணல்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் கணவர் அமெரிக்கக் குடிமகன். அவர் வழியாக எனக்குக் கிடைத்தது இரண்டாண்டு நிபந்தனை கிரீன் கார்டு. நிபந்தனையை நீக்கும் ஐ-751 படிவத்தை, காலாவதிக்கு முந்தைய 90 நாள்களுக்குள் இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். கார்டின் செல்லுபடியை 48 மாதம் நீட்டிக்கும் கடிதம் வந்தது; அதன் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். இதற்கிடையே, குடிமகனை மணந்தவர் மூன்றாண்டுகளில் குடியுரிமை கேட்கலாம் என்ற விதிப்படி, அதற்கான என்-400 விண்ணப்பத்தைப் போட்டேன். அதற்கு நேர்காணல் தேதியே வந்துவிட்டது!

ஐ-751 முடிவாகாமல் குடியுரிமை கிடைக்காது என்பது தெரியும். இரண்டையும் ஒரே நாளில் விசாரிப்பதும் உண்டாம். ஆனால் அழைப்புக் கடிதத்தில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. கணவரையும் அழைத்துச் செல்வது நல்லதா? கூட்டு வரிக்கணக்கு, வாடகை ஒப்பந்தம், வங்கி விவரம் எல்லாம் புதிதாக எடுத்துவிட்டேன். திருமணப் படங்களை மறுபடியும் கேட்பார்களா? (மாமியார் முழு ஆல்பத்தையும் கொடுத்தனுப்பத் தயாராக இருக்கிறார்.)

இன்னொன்று: தம்பி திருமணத்துக்கு மதுரை போக வேண்டும். காலாவதியான கார்டையும் நீட்டிப்புக் கடிதத்தையும் காட்டி அண்மையில் சென்னையிலிருந்து விமானம் ஏறியவர்கள் உண்டா? அல்லது புறப்படும் முன் பாஸ்போர்ட்டில் ஐ-551 முத்திரை (நிரந்தரக் குடியிருப்புக்கான தற்காலிகச் சான்று) வாங்கிக்கொள்வது மேலா? வழக்கறிஞரிடம் போங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கட்டணத்தைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டோம்.