தேர்தல் டெபாசிட்டிலிருந்து வந்த .32 பிஸ்டல்: இரண்டாவது ரவுண்டு ஏறாம சிக்குது, எங்கே பார்க்கணும்?

மாந்தோப்பு_மத்தூர் கேட்டது:

வணக்கம். லைசன்ஸ்ல இருக்கிற .32 (7.65 மி.மீ.) பிஸ்டல். ஒரே வரிசை மேகசின் (தோட்டா அடுக்குற கூடு), 8 ரவுண்டு (தோட்டா), ரெண்டு மேகசின் இருக்கு. தேர்தலுக்காக ரெண்டரை மாசம் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு வச்சிருந்தது (டெபாசிட்). ஒரு மேகசினை உள்ளே போட்டு, தோல் உறையோட கொடுத்தது. கொடுக்கும் முன்னாடி தேங்காய் எண்ணெய் தடவியிருந்தது. திரும்பி வந்த பிறகு ரைபிள் கிளப் சுடும் தளத்துல 20 ரவுண்டு சுட்டதுல 6 தடவை சிக்கிருச்சு. கையால ஏத்துற முதல் ரவுண்டு நல்லாப் போகுது, சுடுது. காலி கேஸும் (தோட்டாவோட பித்தளைக் கூடு) வெளியே விழுது. அடுத்த ரவுண்டோட மூக்கு கீழே சாஞ்சு, சேம்பருக்கு (குழலோட பின்முனையில ரவுண்டு உட்கார்ற இடம்) ஏறுற சரிவுல முட்டி நின்னுருது. டெபாசிட்டுக்கு முன்னாடி இந்தத் தொல்லை கிடையாது.

"அந்தச் சரிவை எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சா சரியாயிடும்"னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா? வேற எங்கே பார்க்கணும்?

---

தளம்25 எழுதியது:

எமரி பேப்பரைக் கீழே வைங்க, அண்ணா. ரெண்டரை மாசத்துக்கு முன்னாடி ஓடின சரிவு, பெட்டிக்குள்ள இருந்ததால கோணம் மாறியிருக்காது. தேய்ச்சு எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ஒரே வரிசை .32-ல இந்த மாதிரிக் கோளாறுன்னா முதல்ல மேகசினைத்தான் சந்தேகப்படணும்.

முதல் வேலை, ரெண்டு மேகசினுக்கும் அடியில பெயின்ட்டால 1, 2 எழுதுங்க. சிக்கின ஆறு தடவையும் எந்த மேகசின்னு தெரியாம எதை மாத்தினாலும் குருட்டு வேலைதான். பிஸ்டலோட போய் வந்த மேகசின்ல மட்டும் சிக்குதுன்னா, பிஸ்டலைத் தொடவே வேண்டாம்.

அடுத்து விளிம்பு. .32 தோட்டா முழு ரிம்லெஸ் (அடி விளிம்பு வெளியே நீட்டாதது) கிடையாது, அரை விளிம்பு உள்ளது. கேஸோட அடி விட்டம் சுமார் 8.6 மி.மீ., விளிம்பு சுமார் 9.1. அந்த அரை மில்லிமீட்டர்தான் விஷயமே. மேகசின்ல ஒவ்வொரு ரவுண்டோட விளிம்பும், அதுக்குக் கீழ இருக்கிற ரவுண்டோட விளிம்புக்கு முன்னால, அதாவது குழல் பக்கமா, இருக்கணும். கைப்பிடி சாய்வா இருக்கிறதால, ஒவ்வொரு ரவுண்டையும் பின்சுவர் வரைக்கும் தள்ளி அடுக்கினா அது தானா அமைஞ்சுடும். இடையில ஒரு ரவுண்டு முன்னே நழுவி, மேல் ரவுண்டோட விளிம்பு அதுக்குப் பின்னால இறங்கிட்டா, ஸ்லைடு (முன்னே பின்னே ஓடுற மேல்பாகம்) மேல் ரவுண்டைத் தள்ளும்போது கீழ்விளிம்பு கொக்கி மாதிரி பிடிச்சுக்கும். மேல் ரவுண்டு நகராது, இல்லேன்னா மூக்கு கீழே குத்தும்.

நிரப்பின மேகசினை வெளிச்சத்துல பிடிச்சு, பக்கத்துல இருக்கிற ஓட்டைகள் வழியாப் பாருங்க. பித்தளை விளிம்புகள் படிக்கட்டு மாதிரி ஒரே பக்கமா ஏறிப் போகணும். நடுவுல ஒரு படி திரும்பியிருந்தா, அதுதான் பூட்டிக்கிட்ட இடம். கட்டை விரலால மேல் ரவுண்டை முன்னே தள்ளிப் பார்த்தாலும் தெரியும்: நல்லா இருந்தா வழுக்கும், பூட்டியிருந்தா கல்லு மாதிரி நிக்கும். ஸ்லைடை இழுத்து இழுத்து விட்டு இதைச் சரி பண்ண முடியாது. மேகசினைக் கழட்டி, முழுக்கக் காலி பண்ணி, திரும்ப அடுக்கணும்.

இது ஏன் வருதுன்னா, பெரும்பாலும் ரவுண்டோட நீளம். .32-க்கு மொத்த நீளம் சுமார் 25 மி.மீ. வரைக்கும். முனை மழுங்கின, நீளம் குறைஞ்ச ரவுண்டு போட்டா மேகசினுக்குள்ள முன்னே பின்னே ஆட இடம் கிடைக்குது, ஒவ்வொரு அதிர்வுக்கும் நழுவுது. குண்டுக்கு முழு உலோக உறை போட்ட 71 கிரெய்ன் (குண்டோட எடை) ரவுண்டுல அந்த இடைவெளி ரொம்பக் குறைவு. ஒரு வெர்னியர் கேலிப்பரால பெட்டிக்குப் பெட்டி நாலு ரவுண்டு அளந்து பாருங்க.

விளிம்பு சரியா இருந்தும் சிக்குதுன்னா மேகசினைப் பிரிங்க. அடித்தட்டைத் தள்ளும்போது உள்ளங்கையால மூடிக்கிட்டுத் தள்ளுங்க, ஸ்பிரிங் பறக்கும். மூணு விஷயம் பாருங்க. ஃபாலோயர் (ஸ்பிரிங் மேல உட்கார்ந்து ரவுண்டை மேலே தள்ளுற தட்டு) மேகசின் குழாய்க்குள்ள தன் எடையிலேயே வழுக்கி விழணும், ஒட்டக்கூடாது. ரெண்டு மேகசின் ஸ்பிரிங்கையும் பக்கத்துல வச்சு நீளம் பாருங்க, ஒண்ணு ரெண்டு சுற்று அளவுக்குக் குட்டையா இருந்தா அது தளர்ந்தாச்சு. மேல் உதடுகள் (ரவுண்டைப் பிடிச்சு நிறுத்துற மேகசின் வாயோட ஓரங்கள்) ரெண்டும் ஒரே உயரமா, ஒரே வளைவா இருக்கணும். கீழே விழுந்த மேகசின்ல ஒரு உதடு லேசா விரிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நல்ல மேகசினோட உதட்டு இடைவெளியை அளந்து ஒப்பிட்டாத்தான் தெரியும்.

உட்புறத்தை பெயின்ட் கடை டர்பன்டைன் நனைச்ச துணியால துடைச்சு, நல்லாக் காய வச்சு, எண்ணெய் இல்லாமலே மாட்டுங்க. மேகசினுக்குள்ள எண்ணெய் கூடவே கூடாது. தூசியைப் பிடிக்கும், பிரைமருக்குள்ள (ரவுண்டோட அடியில பத்த வைக்கிற பொட்டு) ஊறிப்போய் ரவுண்டையே கெடுக்கும்.

சோதனைக்கு டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) வாங்கி வச்சுக்குங்க. வீட்ல உயிர் ரவுண்டை வச்சு ஸ்லைடை இழுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

---

ஓசூர்_குளிர் எழுதியது:

தேங்காய் எண்ணெயை ஏன் யாரும் பேசலை? அது சுமார் 24 டிகிரிக்குக் கீழ உறையும். மார்கழி காலையில ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாட்டில்ல நெய் மாதிரி நிக்கிறதைத் தினமும் பார்க்கிறோம். அதையே ஸ்பிரிங்லயும் ஸ்லைடு தடத்துலயும் பூசினா என்ன ஆகும்? வெயில் காலத்துல உறையாட்டாலும், மாசக்கணக்குல காத்துப் பட்டுப் பிசுபிசுன்னு பசையாயிடும்.

இன்னொண்ணு, மத்தூர், பர்கூர், கிருஷ்ணகிரின்னாலே கிரானைட். அறுக்கிற தூசியில குவார்ட்ஸ் இருக்கு, இரும்பை விடக் கடினம். அது பசை எண்ணெயோட சேர்ந்தா வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரிதான். பழைய எண்ணெயை முழுசா எடுத்துட்டு, துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெய் தடத்துக்குப் பக்கத்துக்கு ஒரு துளி, குழலுக்கு வெளியே ஒரு பூச்சு, அவ்வளவுதான். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனா சீக்கிரம் காஞ்சுடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் பிசுக்கைக் கரைக்கவும்தான். அதுவே மசகு எண்ணெய்னு நினைச்சு விட்டுடாதீங்க.

---

தளம்25 எழுதியது:

சரியாச் சொன்னீங்க. ஒரு அடையாளம் சேர்த்துக்கிறேன். பசை எண்ணெய் தடத்துல இருந்தா ரவுண்டு சேம்பருக்குள்ள போயிடும், ஆனா ஸ்லைடு கடைசி ரெண்டு மூணு மில்லிமீட்டர் மூடாம நிக்கும். மூக்கு குத்தி நிக்கிறது வேற, அது மேகசின். காலி கேஸ் வெளியே போகாம வாசல்ல நட்டுக்கிட்டு நின்னா, அது பெரும்பாலும் பிடிமானம், இல்லேன்னா எக்ஸ்ட்ராக்டர் (காலி கேஸைப் பிடிச்சு இழுக்கிற கொக்கி) பள்ளத்துல கரி.

பிடிமானம் ஏன்னா, இந்த அளவு .32 பிஸ்டல்கள் பெரும்பாலும் புளோபேக். குழலும் ஸ்லைடும் பூட்டிக்கிறது இல்லை. ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்கிப் பின்னே போகுது. மணிக்கட்டு தளர்ந்தா ஃப்ரேமும் கூடவே பின்னே போயிடும், ஸ்லைடு முழு தூரம் ஓடாது. மணிக்கட்டையும் முழங்கையையும் உறுதியா வச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சு சுடுங்க. சின்னக் கைப்பிடி என்கிறதால கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சதை மேலே ஏறிடும். வால்தர் பிபிகே மாதிரி அமைப்புல ஸ்லைடு அந்தச் சதையைக் கிழிக்கும். இடது கட்டை விரலை ஸ்லைடுக்குப் பின்னால குறுக்கே போடவே கூடாது.

தளத்துல இன்னும் ரெண்டு. ட்ரிக்கர் இழுத்தும் வெடிக்கலேன்னா, குழலை இலக்குப் பக்கமே வச்சு 30 செகண்ட் காத்திருந்து அப்புறம் வெளியே எடுங்க. தாமதமா வெடிக்க வாய்ப்பு உண்டு. "பொட்"னு வழக்கத்தை விடச் சின்னச் சத்தம் வந்தா உடனே நிறுத்துங்க. குண்டு குழலுக்குள்ளேயே நின்னிருக்கலாம். அடுத்த ரவுண்டு அதுக்குப் பின்னால வெடிச்சா குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

---

பிரிவு_31 எழுதியது:

சட்டப் பக்கம் நான் சொல்றேன், இந்த மாவட்டத்துல இதுல மாட்டுறவங்க அதிகம்.

சிப்காட் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, ஸ்பிரிங்கோ பின்னோ அரை மணி நேரத்துல பண்ணிக் கொடுத்துருவாங்க. கொடுக்காதீங்க. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-ன்படி ஆயுதத்தைப் பழுது பார்க்கவே லைசன்ஸ் வேணும். சுத்தம் பண்றது உங்க வேலை, அதுக்கு மேல லைசன்ஸ் உள்ள கடைதான். கொடுக்கும்போது சீரியல் நம்பரோட ரசீது வாங்குங்க.

தோப்புல சுட்டுப் பார்க்கவும் கூடாது. 2019 திருத்தத்துல வந்த பிரிவு 25(9)-ன்படி, அஜாக்கிரதையாவோ கொண்டாட்டத்துக்கோ சுட்டு அடுத்தவங்க உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்கினா ரெண்டு வருஷம் வரை சிறை, இல்லேன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். கிளப் தளம் தவிர வேற இடம் யோசிக்காதீங்க.

லைசன்ஸ்ல "செல்லுபடியாகும் எல்லை" பகுதியைப் பாருங்க. தமிழ்நாடு மட்டும்னு இருந்தா, ஓசூர்லேருந்து ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில கால் வச்சதுமே லைசன்ஸ் இல்லாத ஆயுதம்தான். தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போறவங்க இதை மறந்து இடுப்புல மாட்டிக்கிட்டுப் போயிடறாங்க. அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போற ரோடு காவிரி வடக்கு சரணாலயத்துக்குள்ள போகுது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31-ன்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அதிகாரியோ முன்கூட்டி எழுத்துல அனுமதி கொடுக்காம எந்த ஆயுதத்தோடயும் உள்ளே நுழையக்கூடாது. லைசன்ஸ் இருக்குன்னு காட்டினா அங்கே செல்லாது. யானைக்கும் பன்னிக்கும் பயந்து பிஸ்டல் எடுத்துப் போறவங்களுக்கும் இதேதான். .32 யானைக்கு எதுக்கும் ஆகாது, கோபத்தைத்தான் கிளப்பும்.

டெபாசிட் விஷயம். அடுத்த தடவை தோல் உறையோட கொடுக்காதீங்க. தோல் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் இரும்புல இறங்கும். உறை தொட்ட இடத்துல மட்டும் துரு பூத்திருக்கும், உங்களதைப் பாருங்க. காலி பண்ணி, மேகசினைத் தனியாக் கழட்டி, எண்ணெய் நனைச்சுப் பிழிஞ்ச பருத்தித் துணியில சுத்தி, துணிப்பையில சிலிக்கா ஜெல் ரெண்டு பொட்டலத்தோட கொடுங்க. பாலிதீன்ல இறுக்கிக் கட்டினா உள்ளே வேர்க்கும். ரசீதுல மாடல், சீரியல் நம்பர், மேகசின் எத்தனை, தோட்டா கொடுத்தா அது எத்தனைன்னு எழுதி வாங்குங்க. திரும்ப வாங்கும்போது அந்த மேஜையிலேயே மேகசினைக் கழட்டி, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணால பார்த்து, விரலை விட்டும் பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

---

மாந்தோப்பு_மத்தூர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 1-ம் நம்பர், அதாவது பிஸ்டலோட போய் வந்த மேகசின்லதான் சிக்கல். பிரிச்சதுல ஃபாலோயர் ரெண்டு பக்கமும் மஞ்சளாப் பசை, தலைகீழாப் பிடிச்சாலும் விழலை. டர்பன்டைன்ல கழுவின பிறகு தானா விழுது. ஸ்பிரிங் ரெண்டும் ஒரே நீளம், உதட்டு இடைவெளியும் ஒரே அளவு. டம்மி 8 போட்டு அஞ்சு தடவை ஏத்திப் பார்த்தாச்சு, 1-லயும் 2-லயும் எதுவும் மூக்கு குத்தி நிக்கலை. குழலோட வலது பக்கம், உறை உட்காந்த இடத்துல செம்பழுப்புப் புள்ளி ஏழெட்டு இருக்கு. இன்னொண்ணு, எந்த மேகசின் போட்டாலும் அஞ்சுல ஒரு தடவை ஸ்லைடு ரெண்டு மி.மீ. மூடாம நிக்குது, கட்டை விரலால தள்ளினா மூடிடுது.

---

தளம்25 எழுதியது:

அந்த ரெண்டு மி.மீ. தடத்துலயோ எக்ஸ்ட்ராக்டருக்கு அடியிலயோ மிச்சம் இருக்கிற அதே பசைதான். ஸ்லைடைக் கழட்டி, பல் துலக்கும் பழைய பிரஷ்ல டர்பன்டைன் தொட்டு எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில தேயுங்க. பல்குத்தும் மரக்குச்சியால பள்ளத்தைச் சுரண்டுங்க, ஊசி வேண்டாம். கொக்கியை விரல் நகத்தால தள்ளினா ஸ்பிரிங்கா உள்ளே போய்த் திரும்பணும். சேம்பரோட பின் விளிம்பையும் துணியால சுத்தித் துடைங்க. தோட்டாவோட அரை விளிம்புதான் அந்த இடத்துல உட்கார்ந்து தோட்டாவை நிறுத்துது, அங்கே கரி இருந்தா ஸ்லைடு மூடவே மூடாது.

குழலுக்கு உள்ளே துப்புரவுக் கயிறை சேம்பர் பக்கமா விட்டு முன்னால இழுங்க. முன்பக்கத்துல தடியை விட்டுக் குத்தினா வாய் விளிம்பு தேயும், குறி போயிடும்.

துருப்புள்ளிக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வச்சு, முரட்டுப் பருத்தித் துணியால தேயுங்க. போகலேன்னா, எண்ணெயில நனைச்ச மிக மெல்லிய இரும்புக் கம்பளியால, புள்ளி மேல மட்டும், அழுத்தாம. சீரியல் நம்பர் கிட்ட அதைக் கொண்டு போகாதீங்க. அதுக்கப்புறம் தளத்துல ஒவ்வொரு மேகசினுக்கும் 24 ரவுண்டு, நிரப்புறப்போ எட்டு எட்டா, படிக்கட்டைப் பார்த்துட்டுச் சுடுங்க. 1-ம் நம்பர்ல ஒரு தடவை சிக்கினாலும் அதைப் பாதுகாப்புக்கு வச்சுக்காதீங்க, பயிற்சிக்கு மட்டும் தனியா ஒதுக்கிடுங்க.