பெயர் எழுதாத தாளில் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்களா?

கரும்பலகை:
பள்ளியில் அடிதடி, மிரட்டல் எவ்வளவு என்று அறிய மாணவர்களிடம் பெயரில்லாத கருத்துக்கணிப்பு நடத்தச் சொல்கிறார்கள். இருபது வருடம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன், வேண்டாம். கடைசி பெஞ்சில் நாலு பேர் விளையாட்டுக்கு எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுவார்கள். அதை வைத்து ஒரு பள்ளியின் பெயரைக் கெடுக்கலாமா?

தாழம்பூ:
சார், முன்னுக்குப்பின் முரணான தாள்களைக் கழித்துவிடலாம். சொல்லாமல் விடுவதுதான் பெரிய பிரச்சினை. என் மகள் ஏழாவது படிக்கும்போது இடைவேளையில் கழிப்பறைக்கே போகமாட்டாள். வாசலில் மூன்று பெண்கள் வழிமறிப்பார்களாம். தண்ணீர் பாட்டில் காலையில் கொடுத்தபடியே வீடு திரும்பும். எனக்கு உறைக்கவே இல்லை. பள்ளியின் புகார்ப் பதிவேட்டில் அந்த வருடம் ஒரு வரிகூடக் கிடையாது. உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் முந்தைய மாதத்தில் சக மாணவர்களின் தொல்லைக்கு ஆளானதாக 2019-ல் யுனெஸ்கோ சொன்னது. அந்தக் கணக்கு பிள்ளைகளைக் கேட்டு வந்தது.

கரும்பலகை:
உங்கள் மகள் பட்டது கொடுமைதான் அம்மா. ஆனால் ஒருவன் பட்டப்பெயரையும் தொல்லை என்பான், இன்னொருவன் அடி வாங்கியும் சும்மா இருப்பான். இரண்டையும் எப்படிக் கூட்டுவது?

எண்சுவடி:
அதற்குத்தான் கேள்வியைப் பார்த்து எழுத வேண்டும். நார்வேயில் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய வினாத்தாள், எது தொல்லை என்று முதலில் விளக்கம் சொல்லும்: திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் பலத்தைக் காட்டுவது. 2003-ல் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தின் மாணவர் கணக்கெடுப்பு, 'கடந்த 30 நாட்களில் எத்தனை நாள்' என்று காலவரையறை வைத்துக் கேட்டது. 'உனக்குத் தொல்லை உண்டா?' என்று மொட்டையாகக் கேட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.
இன்னொன்று. நான் உதவப் போன ஒரு பள்ளியில் வகுப்பாசிரியரே பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடி எட்டிப் பார்த்தார். ஒரு பையன் முழங்கையால் தாளை மறைத்தான். அவர் நகர்ந்ததும், போட்டிருந்த பதிலை அழித்து 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றினான். அந்த வகுப்பின் கணக்கை நான் நம்பவில்லை.

கரும்பலகை:
அப்படியானால் வேறு ஆள்தான் நடத்த வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த மட்டும் இதைக் கொண்டுவராதீர்கள். முடிவு வெளியே போகும் என்று தெரிந்தால் என்ன எழுத வேண்டும் என்று நாங்களே சொல்லிக்கொடுப்போம். அந்த நெருக்கடியை நான் பார்த்திருக்கிறேன்.

தாழம்பூ:
தரவரிசை எனக்கும் வேண்டாம் சார். 'யார்' என்றுகூடக் கேட்க வேண்டாம். 'எந்த இடத்தில் பயமாக இருக்கிறது' என்று கேளுங்கள். பத்துப் பிள்ளைகள் கழிப்பறை வாசல் என்று எழுதினால், இடைவேளையில் ஒரு ஆசிரியை அங்கே நிற்கலாம் இல்லையா?

கரும்பலகை:
நிற்கலாம். அந்த ஒரு கேள்விக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.