பிரிக்ஸ்டனில் கோஸி பவலைப் பார்த்தது

நேரில் பார்த்த டிரம்மர்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரிட்டிஷ் ராக் டிரம்மர் கோஸி பவல்தான். 1993 ஜூன் 15, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் குவீன் பேண்டின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே கச்சேரி. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் குவீன் பாட்டு கேட்க வந்தவர்கள். நான் போனது பின்னால் உட்கார்ந்து வாசிக்கப்போகிறவருக்காக.

அவர் மாறிய பேண்டுகளைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். 1970இல் கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக்குடன் ஆரம்பம். பிறகு ரெயின்போ, மைக்கேல் ஷெங்கர், வைட்ஸ்னேக், பிளாக் சபாத். நடுவில் 'எமர்சன், லேக் அண்ட் பால்மர்' (ELP) பேண்டின் எமர்சன், லேக் இருவரோடும் ஒரு ஆல்பம். பழைய டிரம்மர் பால்மர் ஏஷியா பேண்டில் இருந்ததால் அந்த இடத்துக்கு இவர் வந்தார். பால்மர் போய் பவல் வந்ததில் பேண்டின் முதலெழுத்துகள்கூட மாறவில்லை! 1974 ஜனவரியில் வெறும் டிரம்ஸை முன்னால் வைத்தே ஒரு பாட்டை பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் வரை கொண்டுபோன ஆள் அவர். அப்படிப்பட்டவர் ஏன் அடுத்தவர் பேண்டுகளிலேயே சுற்றினார் என்று பலர் கேட்பார்கள்.

நானும் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவன் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பேண்டின் பெயர் பெரும்பாலும் பாடகருடையது, இல்லாவிட்டால் கிட்டாரிஸ்டுடையது. பாட்டு எழுதியவருக்கு ராயல்டி வந்துகொண்டே இருக்கும். டிரம்மருக்கு வாசித்த அன்றைக்குச் சம்பளம், அவ்வளவுதான். சரிப்படவில்லையா, ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். சில சமயம் அவசரப்பட்டும் கிளம்பிவிடுவோம். 1984இல் வந்த 'ஸ்லைட் இட் இன்' ஆல்பத்தில் வாசித்துவிட்டு 1985இல் பவல் வைட்ஸ்னேக்கை விட்டார். 1987இல் அந்த பேண்ட் அமெரிக்காவையே பிடித்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது, அவருக்கு எரிந்ததோ என்னவோ.

சரி, அன்றைய இரவுக்கு வருகிறேன். பாஸ் கிட்டார் நீல் மரே. வைட்ஸ்னேக்கிலும் பிளாக் சபாத்திலும் பவலோடு சேர்ந்து வாசித்தவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை, ஆனால் பாஸ் டிரம்மும் பாஸ் கிட்டாரும் ஒரே அடியாக விழுந்தன. குவீனின் டிரம்மர் ரோஜர் டெய்லர் வாசித்த பாட்டுகளை பவல் அப்படியே பின்பற்றவில்லை. டெய்லர் ஹை-ஹாட்டை (காலால் இயக்கும் ஜோடித் தட்டுகளை) திறந்து மூடி ஆடவைக்கும் இடத்தில் இவர் நேராக இடித்துக்கொண்டே போனார். குவீன் வெறியர் ஒருவர் என் பக்கத்தில் நின்று முணுமுணுத்தார். என்னைக் கேட்டால், அன்று 'ஹேமர் டு ஃபால்' என்ற குவீன் பாட்டு அதனால்தான் அவ்வளவு கனமாக இருந்தது.

அப்புறம் திடீரென்று 'சின்ஸ் யூ பீன் கான்'. 1979இல் ரெயின்போவில் இவர் வாசித்து, பிரிட்டனில் ஆறாம் இடம் வரை போன பாட்டு. ரெயின்போவை விட்டுப் பதின்மூன்று வருடம் ஆகியும் இன்னொருவர் மேடையில் அதே பாட்டு அவரைத் தேடி வந்திருக்கிறது. கோரஸுக்குள் நுழையும் இடத்தில் தோளுக்கு மேல் கையைத் தூக்கி ஸ்னேரில் ஓர் அடி போட்டார். பால்கனியில் இருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் 1976இல் வந்த ரெயின்போவின் 'ஸ்டார்கேஸர்' பாட்டில் ஆரம்பியுங்கள். கிட்டார் நுழையும் முன் டிரம்ஸ் மட்டும் சில வினாடிகள் வரும். பிறகு 1989இல் வந்த பிளாக் சபாத்தின் 'ஹெட்லெஸ் கிராஸ்'. பேண்ட் வேறு, பாடகர் வேறு, நடுவில் பதின்மூன்று வருட இடைவெளி. ஆனாலும் வாசிப்பது யார் என்று முதல் சில அடிகளிலேயே தெரிந்துவிடும்.

1998 ஏப்ரல் 5 அன்று பிரிஸ்டல் அருகே எம்4 நெடுஞ்சாலையில் கார் விபத்தில் போய்விட்டார். ஐம்பது வயது. சீட் பெல்ட் போடாமல், ஃபோனில் பேசிக்கொண்டே வேகமாக ஓட்டியிருக்கிறார். அவரை வேறு பேண்டுகளில் நேரில் பார்த்தவர்கள், முக்கியமாக 1980இல் இங்கிலாந்தின் டோனிங்டன் ராக் விழா மேடையில் ரெயின்போவோடு வாசித்த கடைசி நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.