டிவியில் வாங்கின மோதிரம், திரையில் போட்ட மதிப்பு நிஜமா? நாளைக்குள்ள முடிவு சொல்லணும்

கயல்விழி_எம்
வணக்கம். அம்மா டிவி ஷாப்பிங்ல ஒரு மோதிரம் வாங்கிட்டாங்க. முதல்ல பெரிய மதிப்பு ஒண்ணு போட்டு அதை அடிச்சாங்க, அடுத்த விலையையும் அடிச்சாங்க, கடைசியில கால்வாசி விலைன்னு குடுத்தாங்க. கீழ கடிகாரம் ஓடுது, இன்னும் இத்தனை பீஸ்தான் பாக்கின்னு எண் குறைஞ்சுக்கிட்டே வருது. அம்மா உடனே போன் போட்டுட்டாங்க. 18 கேரட், டான்சனைட்னு ஒரு நீலக் கல், சுத்தி வைரம். மதிப்பு போட்ட சர்டிபிகேட்டும் கூடவே வந்திருக்கு. கஷ்டம்னு வந்தா அந்த மதிப்புல பாதிக்காவது விக்கலாம்னு அம்மா உறுதியா நம்புறாங்க. திருப்பி அனுப்புறதா இருந்தா நாளைக்குள்ள சொல்லணும். வெச்சுக்கலாமா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வாசன்_பா
எடை எவ்வளவு? உள்பக்கம் என்ன முத்திரை அடிச்சிருக்கு? கல்லு எத்தனை மில்லிமீட்டர்? சர்டிபிகேட் யார் குடுத்தது? போட்டோ ஒண்ணு போடுங்க. இது எதுவும் தெரியாம யாராலயும் பதில் சொல்ல முடியாது.

செந்தில்குமரன்
ரொம்ப யோசிக்காதீங்க. நல்ல பலமான காந்தம் ஒண்ணை எடுத்துப் பக்கத்துல கொண்டு போங்க. ஒட்டினா போலி, ஒட்டலைன்னா தங்கம். எங்க வீட்டுல எந்த நகை வந்தாலும் முதல்ல இதைத்தான் செய்வேன்.

பட்டறைக்காரன்
செந்தில் தம்பி, ஒட்டினா சந்தேகப்படலாம், அது சரி. ஒட்டலைன்னா தங்கம்னு மட்டும் சொல்லாதீங்க. வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. மேல முலாம் பூசின பித்தளை வளையலைக் காந்தம் ஒண்ணும் செய்யாது.

கயல், டிவியில "18 கேரட் தங்கம்"னு சொன்னாங்களா, இல்ல "18 கேரட் தங்கப் பூச்சு"ன்னு சொன்னாங்களா? வெள்ளி மேல தங்கம் பூசினதுக்குச் சொல்ற "வெர்மெய்"ங்கிற பேரு காதுல விழுந்துச்சா? அம்மாகிட்ட நல்லா ஞாபகப்படுத்திக் கேளுங்க. அப்புறம் ஒரு லென்ஸ் வெச்சு மோதிரத்தோட உள்வளையத்தைப் பாருங்க. 750ன்னு இருந்தா 18 கேரட் தங்கம். 585 இருந்தா 14 கேரட், 417 இருந்தா 10, 375 இருந்தா 9. 925ன்னு இருந்தா அது வெள்ளி, மேல தெரியறது முலாம் மட்டும்தான். லென்ஸ் இல்லைன்னா போன் கேமராவைக் கிட்ட வெச்சுப் பெரிசாக்கிப் பாருங்க, அதுவே போதும்.

முத்து_டி
டான்சனைட்னா கண்ணை மூடிக்கிட்டு வெச்சுக்கோங்க. உலகத்துலயே டான்சானியாவுல ஒரே ஒரு இடத்துலதான் கிடைக்குது. சுரங்கம் தீர்ந்துட்டா கல்லே கிடையாது. விலை ஏறத்தான் செய்யும்.

ரத்தினமாலை
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. அடிப்படை தெரியாமல் நகை வாங்கக் கூடாது என்பதை இனியாவது மனத்தில் வையுங்கள். மறுபடியும் எழுதுகிறேன், கவனமாகப் படிக்கவும்.

"மதிப்பு" என்று ஒரே ஒரு எண் கிடையாது. தொலைந்தால் அதேபோல் புதிதாக ஒன்று வாங்க ஆகும் தொகை, காப்பீட்டுக்காக எழுதப்படுவது. எல்லாவற்றிலும் அதுதான் பெரிய எண். கடையில் அதே நகை விற்கும் விலை அதற்குக் கீழே. நீங்கள் கொண்டுபோய் விற்றால் கைக்கு வரும் பணம் அதற்கும் வெகு கீழே. டிவியில் அடித்துக் காட்டும் எண், விற்பவர் தாமே போட்டுக்கொள்வது. அந்த விலைக்கு அந்த மோதிரம் யாருக்காவது, எப்போதாவது விற்றதா என்று கேளுங்கள்.

சான்றிதழ் என்றதும் மயங்கவும் வேண்டாம். ஜிஐஏ, கற்களைச் சோதித்து அறிக்கை தரும் அமெரிக்க நிறுவனம், 1931 முதல் இயங்குகிறது. அதன் அறிக்கையில் கல்லின் எடை, அளவு, நிறம், பதப்படுத்திய விவரம் எல்லாம் இருக்கும். விலை இருக்காது. நகையோடு சேர்த்து விற்பவரே தரும் "மதிப்புச் சான்றிதழ்" அவருடைய விளம்பரத்தின் இன்னொரு பக்கம்.

நிலாமுகில்
ரத்தினமாலை சார், விஷயம் தெரிஞ்சவர் நீங்க, ஒத்துக்கிறேன். ஆனா உதவி கேட்டு வந்தவங்களை அதட்டணுமா? அவங்க அம்மா வாங்கினதுக்கு இவங்க என்ன செய்வாங்க?

நான் டிவியில நிறைய வாங்கியிருக்கேன். ஒழுங்கா நடத்துற சேனல்ல கல்லு சூடு பண்ணினதா, கதிர் பாய்ச்சினதா, உள்ள ஏதாவது நிரப்பினதான்னு திரையோட ஓரத்துல போடுவாங்க. எடையும் போடுவாங்க. தொகுப்பாளர் பேசுறதைக் கேக்காம அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கணும், அவ்வளவுதான். அமெதிஸ்ட், ப்ளூ டோபாஸ், சிட்ரின் மாதிரி கல்லெல்லாம் பெரிசா, சுத்தமா, நியாயமான விலைக்குக் கிடைக்கும். எல்லாரையும் திருடன்னு சொல்லிட முடியாது.

ரத்தினமாலை
திருடன் என்று நான் எழுதவில்லை. ஓரத்தில் போடும் எழுத்தை முழுதாக நம்ப முடியாது என்பதற்கு ஒரு உதாரணம் தருகிறேன். 2000களில் "திபெத் ஆண்டிசின்" என்று சிவப்புக் கல் ஒன்று டிவியில் அமோகமாக விற்றது, இயற்கை நிறம் என்ற பெயரில். ஆய்வகங்கள் சோதித்தபோது, உள்மங்கோலியாவில் கிடைக்கும் வெளிர் மஞ்சள் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தில் அதிக வெப்பத்தில் செம்பைச் செலுத்தி அந்தச் சிவப்பு வரவழைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வாங்கியவர்கள் நல்ல விலை கொடுத்திருந்தார்கள். விற்றவர்களில் பலருக்கும் அது தெரியாமல் இருந்திருக்கலாம். நட்டம் வாங்கியவருக்குத்தான்.

நிலாமுகில்
அது நடந்தது உண்மைதான். ஆனா அதே கல்லு கடையிலயும் வித்துச்சே. டிவியை மட்டும் ஏன் குத்தம் சொல்றீங்க?

ரத்தினமாலை
கடையில் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஜன்னலருகே கொண்டுபோகலாம், நாளை வருகிறேன் என்று எழுந்து போகலாம். டிவியில் கடிகாரம் ஓடுகிறது. யோசிக்கும் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு விற்பது எனக்குச் சம்மதமில்லை. கேமரா இன்னொரு விஷயம். விரல்நகத்தில் பாதி இருக்கும் கல்லைத் திரை முழுக்கக் காட்டுவார்கள். சுற்றிலும் சின்னச் சின்னக் கூர்மையான விளக்குகள் இருக்கும், மேடை சுழன்றுகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்லும் மின்னும்.

முத்து_டி
டான்சனைட் பத்திப் பேசுங்க சார். ஒரே இடத்துல கிடைக்கிற கல்லு விலை ஏறாதா?

ரத்தினமாலை
ஒரே இடம் என்பது சரி. கிளிமஞ்சாரோவுக்குப் பக்கத்தில் மெரெலானி குன்றுகள். 1967-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது, அடுத்த ஆண்டு டிஃபனி நிறுவனம் அந்தப் பெயரை வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று தொட்டு "தீரப்போகிறது" என்பது விற்பனைப் பேச்சாகவே இருக்கிறது. 2020-ல் கூட ஒரு சுரங்கத் தொழிலாளி ஒன்பது கிலோவுக்கு மேல் ஒரு கல்லும் ஐந்து கிலோவுக்கு மேல் இன்னொன்றும் எடுத்து அந்நாட்டு அரசுக்கு விற்றார். அபூர்வமான கல் என்றாலும், உங்களிடம் இருக்கும் வெளிர்நிறக் கல்லை வாங்க ஆள் வேண்டும். அடர்நீலத்தில், சுத்தமான பெரிய கல்லுக்கு ஆள் உண்டு. வெளுத்த கல்லுக்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் முதலீடு என்று பேசுவது பொறுப்பற்ற பேச்சு.

முத்து_டி
நானும் ஒண்ணு வெச்சிருக்கேன். விக்கிற எண்ணம் இல்ல. இருக்கட்டும்.

கயல்விழி_எம்
மன்னிக்கணும், வேலைக்குப் போயிட்டேன். உள்பக்கம் 925ன்னு இருக்கு, பக்கத்துல ஏதோ சின்ன எழுத்து. சமையலறைத் தராசுல எடை சரியா காட்டலை, பெட்டியில வந்த கார்டுல 4.1 கிராம்னு போட்டிருக்கு. டான்சனைட் 2 கேரட், வைரம் மொத்தம் 0.10 கேரட். 925 இருந்தா தங்கமே இல்லையா?? அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

பட்டறைக்காரன்
தங்கம் இருக்கு, மேல்பூச்சா மட்டும் இருக்கு. கணக்கு போட்டே காட்டுறேன், அம்மாவுக்கும் சொல்லலாம்.

தங்கத்துக்குக் கேரட்னா சுத்தம், கல்லுக்குக் கேரட்னா எடை. ஒரு கேரட் கல்லுன்னா 0.2 கிராம். கல்லெல்லாம் சேர்த்து 2.10 கேரட், அதாவது 0.42 கிராம். மொத்த எடையில கழிச்சா உலோகம் 3.68 கிராம். அதுல 92.5 சதவீதம் வெள்ளி, கிட்டத்தட்ட 3.4 கிராம் சுத்த வெள்ளி. இப்ப பூச்சுக்கு வருவோம். வெள்ளி மேல கனமா தங்கம் பூசினதைத்தான் வெர்மெய்னு சொல்றாங்க, அமெரிக்க விதியில குறைஞ்சது 2.5 மைக்ரான் இருக்கணும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). மோதிரத்தோட உள்ளும் வெளியும் சேர்த்துப் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர்னு தாராளமா வெச்சாலும், அந்தப் பூச்சு 30 மில்லிகிராம்கூட வராது. அதுவும் 18 கேரட், முக்கால்வாசிதான் தங்கம். சாதா முலாம்னா இதைவிடக் குறைவு. பழைய நகையா எடுக்கிறவங்க அந்தப் பூச்சுக்குக் காசு குடுக்க மாட்டாங்க. தினம் போட்டா விரலோட உள்பக்கத்துலதான் முதல்ல தேய்ஞ்சு வெள்ளி தெரியும்.

வைரம் 0.10 கேரட்டுன்னா சுத்தி எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. இருபது இருந்தா ஒவ்வொண்ணும் 0.005 கேரட், தூசி மாதிரி. இது டிவியில அடிக்கடி நடக்கிறது: "மொத்தம் ஒரு கேரட் வைரம்"னு சொல்வாங்க, அது பொடிக்கல்லு இருபது முப்பது சேர்ந்த எடை. ஒரே கல்லா ஒரு கேரட் இருக்கிற வைரத்துக்கும் இதுக்கும் விலையில சம்பந்தமே இல்ல. பொடிக்கல்லைக் கழட்டி எடுக்கிற கூலிக்கே அது கட்டாது.

ஆக, இந்த மோதிரத்தோட மதிப்பு முழுக்க அந்த டான்சனைட்லதான் நிக்குது. பகல்ல ஜன்னல் பக்கம் வெள்ளைத் தாள் மேல கல்லு மேல பார்க்கிற மாதிரி வெச்சுப் பாருங்க. ஆழமான நீலமா, இல்ல லாவெண்டர் மாதிரி வெளுப்பா? பக்கவாட்டுல மெதுவாத் திருப்புங்க. டான்சனைட்னா ஒரு பக்கம் நீலமும் இன்னொரு பக்கம் ஊதாவும் மாறித் தெரியும். கண்ணாடின்னா எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம்தான்.

செந்தில்குமரன்
வைரமான்னு பார்க்க டெஸ்டர் பேனா கிடைக்குதே. வெச்சா சத்தம் குடுக்கும். அதை வாங்கிட்டா பிரச்சினை முடிஞ்சுது.

வாசன்_பா
அந்தப் பேனா வெப்பம் எவ்வளவு சீக்கிரம் கடத்துதுன்னுதான் பார்க்குது. வைரம் மாதிரியே தெரியற செயற்கைக் கல்லு மொய்சனைட்டும் வைரம் மாதிரியே கடத்தும், அதுக்கும் சத்தம் குடுக்கும். மொய்சனைட்டைப் பிரிச்சுப் பார்க்க பத்து மடங்கு லென்ஸ் போதும். கல்லைக் கொஞ்சம் சாய்ச்சு உள்ள பார்த்தா பின்பக்கத்துப் பட்டைகளோட விளிம்பு இரட்டையாத் தெரியும். வைரத்துல அப்படித் தெரியாது. வைரத்துக்குப் பதிலா வைக்கிற இன்னொரு செயற்கைக் கல்லு க்யூபிக் சிர்கோனியா வேற கதை, அது வைரத்தைவிட அடர்த்தி அதிகம். 6.5 மில்லிமீட்டர் வட்டக் கல்லு வைரமா இருந்தா சுமார் ஒரு கேரட் நிக்கும், சிர்கோனியா அதே அளவுல ஒண்ணரை கேரட்டுக்கு மேல நிக்கும். அதனால "கேரட்"னு மட்டும் கேக்காம மில்லிமீட்டரையும் கேளுங்க.

ஆனா கயல் மோதிரத்துல வைரம் நிஜமா இருந்தாலும் விலை மாறப்போறதில்லை. அந்தப் பேனா இங்க எதுக்கும் உதவாது.

நிலாமுகில்
கயல், எல்லாரும் விக்கிற விலையையே பேசுறாங்க. அம்மாவுக்கு அந்த மோதிரம் பிடிச்சிருக்கா? போட்டுக்க ஆசைப்பட்டா, கட்டின பணத்துக்கு அந்த சந்தோஷம் போதும்னு தோணினா வெச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு, டான்சனைட் மோஸ் அளவுல (கல்லோட கடினத்தைப் பத்துக்குச் சொல்றது) 6லிருந்து 7க்குள்ளதான், கீறல் விழும். மோதிரத்தைவிடக் காதுல போடத்தான் பொருத்தமான கல்லு. அல்ட்ராசோனிக் மெஷின்ல, ஆவியில சுத்தம் பண்ணவே கூடாது, விரிசல் விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி போதும்.

பட்டறைக்காரன்
நிலா சொல்றதும் சரிதான். ஆனா அம்மா அழகுக்கு வாங்கலையே. கஷ்டகாலத்துக்கு ஆகும்னு வாங்கியிருக்காங்க. அந்த எண்ணத்தோட வெள்ளி மோதிரத்தைப் பெட்டியில பூட்டி வெச்சா, எடுக்க வேண்டிய நாள்ல ஏமாந்து நிப்பாங்க. இப்பவே சொல்லிடுங்க, மனசு நோகாம சொல்லுங்க. கஷ்டத்துக்கு உதவணும்னா கல்லே இல்லாத, முத்திரை தெளிவா இருக்கிற தங்கம்தான். எடை போட்டா யாரும் காசு குடுப்பாங்க.

தேன்மொழி_எஸ்
நடுவுல வரேன், மன்னிக்கணும். எங்க அக்கா டிவியில ரூபி வளையல் வாங்கினா. எலுமிச்சை பிழியிறப்போ சாறு பட்டு, கல்லு மேல வெள்ளையா கோடு கோடா வந்துடுச்சு. ரூபின்னா ரொம்பக் கடினம்னு சொல்வாங்களே?

ரத்தினமாலை
ரூபி கடினமானதுதான், மோஸ் அளவில் 9. உங்கள் அக்காவிடம் இருப்பது பெரும்பாலும் ஈயக் கண்ணாடி நிரப்பிய ரூபியாக இருக்கும். விரிசல் மலிந்த மட்டமான கல்லில் கண்ணாடியை உருக்கி ஊற்றி, ஒளி ஊடுருவும்படி செய்வார்கள். ரூபி கரையவில்லை, நடுவில் இருக்கும் கண்ணாடியைத்தான் எலுமிச்சை அரிக்கிறது. நகை செய்பவரின் ஊதுகுழல் நெருப்பிலும் அது தாங்காது. "காம்போசிட்" (கல்லும் கண்ணாடியும் கலந்தது) என்ற வார்த்தை பெட்டிக்குள் வந்த கார்டில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சொல்லித்தான் விற்கப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

கயல்விழி_எம்
ஜன்னல் வெளிச்சத்துல அம்மாவையே பார்க்க வெச்சேன். திருப்பினா நீலமும் ஊதாவும் மாறுது, டான்சனைட்தான் போல. ஆனா ரொம்ப வெளுப்பு, டிவியில இவ்வளவு வெளுப்பா இல்லைன்னு அவங்களே சொன்னாங்க. பட்டறைக்காரன் ஐயா போட்ட கணக்கையும் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை, அப்புறம் அனுப்பிடுன்னு சொல்லிட்டாங்க. போன் பண்ணிச் சொல்லியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

பட்டறைக்காரன்
நல்லதும்மா. அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. மோதிரத்துல கட்டியிருக்கிற டேக்கை வெட்டாதீங்க, வெட்டினா பல இடத்துல திருப்பி எடுக்க மாட்டாங்க. கல்லு, முத்திரை, டேக் மூணும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கார்டு, சர்டிபிகேட் எல்லாம் அதே பெட்டியில போடுங்க. பார்சல் எங்க போகுதுன்னு பார்க்கிற எண்ணோட அனுப்பி, பணம் திரும்பி வர்ற வரைக்கும் அந்த ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. தவணையில கட்டினதா இருந்தா அடுத்த தவணை பிடிக்காம நிறுத்தச் சொல்லி அதையும் கேட்டுடுங்க.