இழை: குவாட்டர்பேக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

த.மு.:
வணக்கம். அவசரம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு கட்டுரை போக வேண்டும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான விளையாட்டு வீரர் வரிசைக்கு. ஆள் ஸ்டீவ் ஸ்பரியர். புளோரிடா பல்கலைக்கழக அணிக்கு ஆடி, 1966இல், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி வீரருக்கான பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர். 1990 முதல் 2001 வரை அதே பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர். அவர் ஆடிய இடம் குவாட்டர்பேக். அப்படியே எழுதி அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன். "குவாட்டர்" வரை வந்தவன் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை. வேறு சொல் கொடுங்கள்.

இரா.பொ.:
தம்பி, அது அளவுப் பெயர். முன்வரிசைக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதை வைத்து ரக்பிக்காரர்கள் முழு, அரை, கால் என்று பிரித்தார்கள். நம்மிடம் கால் இருக்கிறதே! கால்பின்னர். ஹாஃப் பேக் அரைப்பின்னர், ஃபுல் பேக் முழுப்பின்னர், ஒரே குடும்பமாக நிற்கும். விலங்குக்கு நான்கு கால், அதில் ஒன்று கால். எண்ணே அப்படி வந்ததுதான் என்பது என் நெடுநாள் கருத்து. அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று இறங்கினால் அந்தத் திடலில் யாரையும் பெயரில்லாமல் நிறுத்த வேண்டியதில்லை.

செ.கோ.:
ஐயா, மன்னிக்க வேண்டும். கால்பின்னர் என்றதும் காலைப் பின்னிக்கொண்டு விழுகிறவர்தான் கண்முன் வருகிறார்.

வா.:
நான் ஏவுநர் என்பேன். அவர் செய்யும் வேலை இரண்டு. ஆட்டம் தொடங்குமுன் மற்றப் பத்துப் பேருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார். பந்து கைக்கு வந்ததும் எறிகிறார். அம்பை விடுவதும் ஏவுதல், ஆளைப் பணிப்பதும் ஏவுதல். இரண்டையும் ஒரு வேர் தாங்குகிறது.

செ.கோ.:
ஏவல் என்றால் எங்கள் ஊரில் பில்லி சூனியம், அம்மா. எதிரணி தோற்றதும் மந்திரவாதியைத் தேடுவார்கள். அப்புறம் ஏவுநரா, ஏவுனரா?

வா.:
ஏவுநர். ஓட்டுநர், நடத்துநர் போல. இயக்குநரை இயக்குனர் ஆக்கிய கூட்டத்தோடு இன்னொரு முறை மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

*(இந்த இடத்தில் நகரம், னகரம் பற்றி 14 மடல்கள். தொகுப்பில் விட்டுவிட்டேன். – த.மு.)*

இரா.பொ.:
ஏவுநர் என்கிறவர்கள் 1966 அக்டோபரில் ஆபர்ன் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பார்க்கட்டும். 27-27, நேரம் முடியப்போகிறது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் மூன்று புள்ளி. 40 கஜம், வழக்கமாக உதைக்கும் பையனுக்கு எட்டாத தூரம். ஸ்பரியர் தானே வந்து உதைத்தார். 30-27. ஹைஸ்மன் அந்த உதையால்தான் கிடைத்தது என்பார்கள். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனபோதும் ஜான் பிரோடிக்கு மாற்றாளாக உட்கார்ந்த நேரம்தான் அதிகம், பந்தை உயர உதைத்துவிடும் வேலைக்கு அவரைப் பயன்படுத்தினார்கள். இந்த மனிதருக்கா கால் பொருந்தாது?

வா.:
ஐயா, அது அவர் தனித்திறமை. அந்த இடத்தில் நிற்கும் எல்லாருக்குமா பொருந்தும்? தூரத்தை வைத்துப் பெயரிட்டால் எங்கே உடைகிறது பாருங்கள். 1996இல் பயிற்சியாளர் ஸ்பரியரின் புளோரிடா அணி, அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான புளோரிடா ஸ்டேட்டிடம் 24-21 என்று தோற்றது. டேனி வூர்ஃபல்தான் குவாட்டர்பேக், பந்தை விடுவதற்குள் அடிமேல் அடி வாங்கினார். 1997 ஜனவரி 2, அதே அணியோடு மீண்டும் மோதல், இந்த முறை தேசியப் பட்டத்துக்கு. ஸ்பரியர் என்ன செய்தார்? வூர்ஃபலைச் சில கஜம் பின்னால் நகர்த்தி நிறுத்தினார். எறிவதற்கு இன்னும் ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. 52-20. உங்கள் கால்பின்னர் அன்று அரைப்பின்னர் ஆகிவிட்டாரே?

இரா.பொ.:
நின்ற இடம் மாறும், குலப்பெயர் மாறாது.

செ.கோ.:
இதற்கு ஒரு கைதட்டல். ஆனால் ஏவுநர் ஸ்பரியருக்குக் கூடுதலாகவே பொருந்துகிறது. பயிற்சியாளர் ஆன பிறகும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உத்தியைத் தானே சொல்லி அனுப்பினார். ஓடிப் பிழைக்கிற அணிகளுக்கு நடுவே எறிந்து பிழைத்தார். கோபம் வந்தால் தலையில் மாட்டியிருக்கும் வெயில் மறைப்பையும் தரையில் ஏவுவார்.

ம.:
பயிற்சியாளர் என்பதே பிழை. பயிற்சியை உடையவர் என்றால் கற்றுக்கொள்கிறவர். பயில் தன்வினை, பயிற்று பிறவினை. பயிற்றுநர் என்று எழுதுங்கள்.

செ.கோ.:
செய்தித்தாளில் தினமும் வருகிற சொல்லை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து பிடுங்க வேண்டாம். அவர் தன்னைச் சொல்லிக்கொண்டது வெறுமே "பால் கோச்" என்றுதான். பந்து வாத்தியார்! சிலம்ப வாத்தியார் மாதிரி.

ம.:
வாத்தியார் உபாத்தியாயர். வடசொல்.

த.மு.:
புதன் இரவு ஆகிவிட்டது, பெரியோர்களே. இன்னொன்று: புளோரிடாவில் ஆறு முறை பட்டம் வென்றாரே, பல கல்லூரி அணிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் அந்த "கான்பரன்ஸ்"? மாநாடு என்று போட்டால் கட்சி மாநாடு ஆகிறது.

வா.:
வட்டாரச் சங்கம் என்று போட்டு நகருங்கள்.

இரா.பொ.:
அவர்கள் திடலுக்கு "சதுப்பு நிலம்" என்று பெயர் வைத்தவரும் இவர்தான். அணிக்குப் பெயர் முதலை. இடனறிதல் அதிகாரம் நினைவுக்கு வரவில்லையா? ஆழ்நீரில் முதலை வெல்லும், வெளியே வந்தால் மற்றவை அதை வெல்லும். 2002இல் வாஷிங்டன் தொழில்முறை அணிக்குப் போனார். இரண்டு ஆண்டு, 12 வெற்றி, 20 தோல்வி. திருவள்ளுவர் ஆட்டம் பார்த்திருக்கிறார்.

ம.:
அது முதலை அன்று, ஆலிகேட்டர். முதலை, இடங்கர், கராம் என்று சங்கப் பாட்டில் மூன்று சொல் இருக்கின்றன. இடங்கரை இதற்கு ஒதுக்கலாம்.

செ.கோ.:
நீருக்கு வெளியே தோற்றார் என்று முடிக்காதீர்கள் ஐயா. 2005இல் தென் கரோலினா போனார். 2011 தொடங்கி மூன்று பருவம் தொடர்ச்சியாக 11 வெற்றி, 2 தோல்வி. 2015இல் பருவத்தின் நடுவே விலகினார், அது வேறு கதை.

இரா.பொ.:
அதுவும் கல்லூரிக் குளம்தானே?

த.மு.:
வெள்ளி பிற்பகல். முதல் இடத்தில் "குவாட்டர்பேக் எனப்படும் ஏவுநர்", பிறகு ஏவுநர் மட்டும், பயிற்சியாளர், முதலை என்று எழுதி அனுப்பிவிட்டேன். நால்வர் ஏவுநர் பக்கம், ஒருவர் கால் பக்கம், மூவர் பதிலே போடவில்லை. அக்கா மகன் படித்தான். "ஏவுநர்னா ராக்கெட் விடுறவரா மாமா?" என்றான். சிரிக்கவில்லை, அந்த மட்டில் சரி.

த.மு.:
பதிப்பாசிரியர் பார்த்துவிட்டார். ஏவுநர் எல்லா இடத்திலும் "முன்னணி ஆட்டக்காரர்" ஆகிவிட்டது.

இரா.பொ.:
பின்னால் நிற்பவரை முன்னணி ஆக்கிவிட்டார்களா! கால்பின்னரை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கட்டுரையில் ஹாஃப் பேக் வரும், அப்போது என்னிடம்தான் வருவீர்கள்.