புதுப்பிப்பு: ஐசியு சிரிஞ்ச் பம்ப் முடிவாகிவிட்டது

எங்கள் ஐசியுவுக்கு இரண்டு சிரிஞ்ச் பம்ப் (சிரிஞ்சில் உள்ள மருந்தை மெதுவாக, அளவாகச் செலுத்தும் கருவி) மாடல்களில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். விலை கூடியதையே எடுத்தோம்.

மலிவானதில் நாங்கள் பயன்படுத்தும் சிரிஞ்ச் பிராண்ட் பம்பின் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் வேறு பிராண்டைத் தேர்ந்து ஓட்டினால் பம்ப் கணக்கிடும் சிரிஞ்சின் உள்விட்டம் மாறும். திரை 2 மில்லி என்று காட்டும், உள்ளே போவது வேறு அளவு. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நோர்அட்ரினலினில் இந்த விளையாட்டு வேண்டாம்.

குழாயை அடைத்தும் பார்த்தோம். 50 மில்லி சிரிஞ்சில் மணிக்கு 1 மில்லி ஓடினால் எந்த பம்பிலும் அடைப்பு அலாரம் தாமதமாகத்தான் அடிக்கும். நாங்கள் எடுத்ததில் அலாரம் அடிக்கும் அழுத்த வரம்பைக் குறைத்து அதைச் சீக்கிரம் அடிக்க வைக்க முடிகிறது, பரவாயில்லை.

அப்புறம், சோதித்துப் பார்த்தவர்கள் சிஸ்டர்கள்தான். கையுறையோடு பட்டன் அழுத்திப் பார்க்க வேறு யாருக்குத் தோன்றும்? சிடிஎஸ்சிஓ (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான மத்திய அரசின் கட்டுப்பாட்டு அமைப்பு) உரிமம் சரி. பராமரிப்பு ஒப்பந்த விலை மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.